நிறுத்த ஆளில்லாத போர்

1941 டிசம்பர் தொடக்கத்தில் ஜப்பானியத் தரைப்படையிடம் 51 டிவிஷன்கள் இருந்தன. மலேயா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், பர்மா, எண்ணெய் வளம் மிகுந்த டச்சு இந்தியத் தீவுகள் என அத்தனையையும் பிடிக்க அது ஒதுக்கியவை 11 மட்டுமே. இருபதுக்கும் மேற்பட்ட டிவிஷன்கள் சீனாவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. இன்னும் 13, சோவியத் எல்லையைப் பார்த்தபடி மஞ்சூரியாவில் நின்றன. அமெரிக்கா, பிரிட்டன் என்ற இரண்டு பெரும் கடல் வல்லரசுகளை ஒரே நாளில் எதிர்த்துக் கிளம்பிய நாடு, தன் தரைப்படையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அதற்கு அனுப்பியது.

பசிபிக் போர் என்று நாம் படிக்கும் போரை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அது தனிப் போராகத் தெரியாது. சீனாவில் முடிக்க முடியாமல் போன போரின் நீட்சியாகவே தெரியும். ஜப்பானில் 1931 முதல் 1945 வரையுள்ள காலம் முழுவதையும் ‘பதினைந்தாண்டுப் போர்’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. சிந்தனையாளர் த்சுருமி ஷுன்சுகே 1956இல் முன்வைத்த பெயர் அது. எல்லா வரலாற்றாளர்களும் அதை ஏற்பதில்லை. 1933க்கும் 1937க்கும் இடையே பெரிய சண்டை இல்லையே என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் 1931ஐ விட்டுவிட்டு 1941ஐ விளக்க முடியாது என்பதுதான் என் கருத்து.

ஜப்பானியப் பேரரசின் விரிவாக்கம் எப்படி உலகப் போரில் கொண்டுபோய் விட்டது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் புழக்கத்தில் உள்ளன. அது திட்டமிட்ட சதி என்பது டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றம் சொன்ன விடை. எண்ணெயை நிறுத்தி அமெரிக்காதான் ஜப்பானை மூலையில் தள்ளியது என்பது ஜப்பானிய வலதுசாரிகள் இன்றும் சொல்லும் விடை. யாரும் விரும்பாமலேயே வழுக்கி விழுந்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது, ஆனால் எதுவும் முழுக்கப் பொருந்துவதில்லை.

ஒரு காவல் படை

தொடக்கக் கதை தெரிந்ததுதான். 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்து கதவைத் தட்டின. 1868இல் மெய்ஜி ஆட்சி பிறந்தது. ரயிலையும் பாராளுமன்றத்தையும் மேற்கிடமிருந்து கற்ற ஜப்பான் காலனி பிடிப்பதையும் கூடவே கற்றது. 1894-95 போரில் சீனாவைத் தோற்கடித்துத் தைவானைப் பெற்றது. லியாவோடுங் தீபகற்பமும் கைக்கு வந்தது. ஆனால் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து மிரட்டவே திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அடுத்த மூன்றே ஆண்டில் அதே தீபகற்பத்தை ரஷ்யா குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. நியாயம் பேசுகிறவர்களின் நியாயம் இவ்வளவுதான் என்று டோக்கியோவில் ஒரு தலைமுறையே முடிவுகட்டியது.

1904-05இல் ரஷ்யாவையே ஜப்பான் வென்றபோது ஆசியா முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. அந்தச் செய்திகள் தன்னைக் கிளர்ச்சியுறச் செய்ததை நேரு தம் சுயசரிதையில் நினைவுகூர்ந்திருக்கிறார். கொரியர்களுக்கு அந்தச் சிலிர்ப்பு கிட்டவில்லை. அதே ஆண்டு அவர்கள் நாடு ஜப்பானின் பாதுகாப்பில் வைக்கப்பட்டது. 1910இல் முழுதாக விழுங்கப்பட்டது.

ரஷ்யாவுடனான போரில் ஜப்பானுக்குக் கிடைத்த பரிசுகளில் ஒன்று தெற்கு மஞ்சூரிய ரயில்பாதை. அதையும் அதை ஒட்டிய நிலத்தையும் காக்க நிறுத்தப்பட்ட காவல் படைதான் பின்னாளில் குவாண்டுங் படை எனப் பெயர் பெற்றது. தலைநகரிலிருந்து கடல் தாண்டி, பரந்த நிலத்தில், 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோழர்கள் உயிர்விட்ட மண் என்ற பெருமிதத்தோடு நின்ற படை அது.

மெய்ஜி அரசியலமைப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1889இல் எழுதப்பட்ட அந்தச் சட்டப்படி படைகளின் தலைமை பேரரசருக்கே உரியது. படைத் தளபதிகள் பிரதமருக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். நேராக அரியணையிடம் போகலாம். போதாததற்கு, படைத்துறை அமைச்சர் பணியில் இருக்கும் தளபதியாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி 1900இல் வந்து, 1913இல் தளர்ந்து, 1936இல் மறுபடியும் இறுகியது. படைக்கு ஒரு அமைச்சரவை பிடிக்கவில்லையென்றால் தன் அமைச்சரைத் திரும்பப் பெற்று, மாற்று ஆளைத் தராமல் இருந்தால் போதும். 1940 ஜூலையில் ஜெர்மனியோடு கூட்டு வேண்டாம் என்ற யோனாய் மித்சுமாசாவின் அரசு இப்படித்தான் கவிழ்ந்தது.

பேரரசர் தாமாக ஆள்வதில்லை என்பது மரபு. அமைச்சரவை படையை ஆள முடியாது என்பது சட்டம். தரைப்படையும் கடற்படையும் ஒன்றையொன்று ஆள முடியாது. மெய்ஜி அரசை உருவாக்கிய முதியவர்கள் உயிரோடு இருந்தவரை அவர்களுடைய தனிப்பட்ட செல்வாக்கு இந்த ஓட்டையை அடைத்துவைத்திருந்தது. அவர்கள் ஒவ்வொருவராக மறைந்தபின் அடைக்க ஆளில்லை.

ஜெர்மனியின் தோல்வி கற்பித்த பாடம்

முதல் உலகப் போரை ஜப்பானிய இளம் அதிகாரிகள் மிக நுணுக்கமாகப் படித்தார்கள். களத்தில் பெரிதாகத் தோற்காத ஜெர்மனி, முற்றுகையால் உணவும் மூலப்பொருளும் தீர்ந்து வீழ்ந்தது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம். இனிவரும் போர்கள் சிப்பாய்களின் போர் அல்ல. ஆலைகளின், சுரங்கங்களின் போர். அப்படியானால் இரும்புத் தாதுவுக்கும் எண்ணெய்க்கும் பிறரிடம் கையேந்தும் நாடு, போர் தொடங்கும் முன்பே தோற்ற நாடு. நகாதா தெட்சுசான் போன்றவர்கள் இதையே மந்திரம்போலச் சொன்னார்கள். தன்னிறைவு வேண்டும், அதற்கு முதல் படி மஞ்சூரியாவின் நிலக்கரியும் இரும்பும் சோயாவும்.

இந்த எண்ணம் மட்டுமே போருக்கு இட்டுச்சென்றிருக்காது. 1920களில் வேறொரு ஜப்பானும் இருந்தது. கட்சி அரசுகள், வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம், சீனாவில் தலையிடாக் கொள்கை என்றெல்லாம் நம்பிய ஜப்பான் அது. அதன் காலை வாரியதில் மேற்குக்கும் பங்கு உண்டு. 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் இனச் சமத்துவத்தை உலக சங்கத்தின் விதிகளில் சேர்க்க ஜப்பான் கேட்டது, மறுத்துவிட்டார்கள். கொரியாவில் அதே ஆண்டு சுதந்திரம் கேட்டவர்களைச் சுட்ட அரசுதான் இதைக் கேட்டது என்பது வேறு விஷயம். 1924இல் அமெரிக்கா ஜப்பானியக் குடியேற்றத்தை அடியோடு நிறுத்தியது. பிறகு வந்தது பொருளாதாரப் பெருமந்தம். ஜப்பானிய விவசாயியின் ரொக்க வருமானம் பட்டுப்புழுவை நம்பியிருந்தது. பட்டு அமெரிக்கப் பெண்களின் காலுறையை நம்பியிருந்தது. நியூயார்க்கில் விலை சரிந்ததும் வடகிழக்கு ஜப்பானின் கிராமங்களில் பட்டினி வந்தது, பெண் பிள்ளைகளை விற்கும் நிலை வந்தது. அந்தக் கிராமங்களிலிருந்து வந்த சிப்பாய்களைத்தான் இளம் அதிகாரிகள் தினமும் பார்த்தார்கள். 1930 ஜனவரியில், மிகத் தவறான நேரத்தில், நாணயத்தைத் தங்கத்தோடு கட்டும் தங்க அளவைக்குத் திரும்பிய கட்சி அரசின் மீது அவர்களுக்கு வெறுப்பு ஏறியதில் வியப்பில்லை.

ஆனால் வறுமைதான் ஜப்பானை மஞ்சூரியாவுக்குள் தள்ளியது என்ற வாதத்தை நான் அப்படியே ஏற்க மாட்டேன். 1931 டிசம்பரில் நிதியமைச்சரான தாகாஹாஷி கொரேகியோ தங்க அளவையைக் கைவிட்டு, யென்னின் மதிப்பு விழவிட்டு, அரசுச் செலவைக் கூட்டி, பல மேற்கு நாடுகளுக்கு முன்பாகவே ஜப்பானை மந்தத்திலிருந்து தூக்கி நிறுத்தினார். ஜப்பானியப் பருத்தித் துணி உலகச் சந்தையில் குவிந்தது. இந்தியாவில் அதைத் தடுக்க 1933இல் பிரிட்டிஷ் அரசு 75 சதவீதம்வரை இறக்குமதி வரி போட்டது. பதிலுக்கு ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. வணிகத்தில் கதவுகள் மூடப்பட்டன என்பது உண்மைதான். எல்லாக் கதவுகளும் மூடப்படவில்லை என்பதும் உண்மை. அந்தத் தாகாஹாஷி, மீட்சி வந்துவிட்டது, இனி படைச் செலவைக் குறைக்கலாம் என்றார். 1936 பிப்ரவரி 26 அன்று விடியலில் இளம் அதிகாரிகள் அவர் படுக்கையறைக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள்.

முக்டென்

மீறல் எப்படிப் பழக்கமானது என்பதற்கு இரண்டு குண்டுகளின் கதையைப் பார்க்க வேண்டும்.

முதலாவது 1928 ஜூன் 4 அன்று வெடித்தது. மஞ்சூரியாவை ஆண்ட போர்ப்பிரபு ஜாங் ஜுவோலின் பீஜிங்கிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார். முக்டென் நகரை நெருங்கும்போது பாலத்தடியில் வைத்த குண்டு அவர் பெட்டியைச் சிதறடித்தது. வைத்தவர் குவாண்டுங் படையின் கர்னல் கோமோதோ தைசாகு. பிரதமர் தனாகா கீச்சி குற்றவாளிகளைத் தண்டிப்பதாகப் பேரரசரிடம் சொன்னார், படை மறுத்தது, பேரரசர் கோபப்பட்டார், பிரதமர் பதவி விலகினார். கோமோதோவுக்கு ராணுவ விசாரணைகூட இல்லை. சீருடையைக் கழற்றியதோடு சரி. பின்னாளில் தெற்கு மஞ்சூரிய ரயில் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராகவும் அவர் உட்கார்ந்தார். கொலை செய்தவர் நிறுவன இயக்குநர், கொலையை விசாரிக்க முயன்றவர் மாஜி பிரதமர் என்ற கணக்கு அங்கே இருந்த ஒவ்வொரு அதிகாரிக்கும் புரிந்திருக்கும்.

இரண்டாவது 1931 செப்டம்பர் 18 இரவு, அதே முக்டெனில். இஷிவாரா காஞ்சி, இதாகாகி செய்ஷிரோ என்ற இரண்டு அதிகாரிகள் மாதக்கணக்கில் தீட்டிய திட்டம். விஷயம் கசிந்து டோக்கியோவை எட்டியது. அதைத் தடுப்பதற்கென்று ததேகாவா என்ற தளபதியைப் படைத்துறை அனுப்பியது. தடுக்க வந்தவருக்கும் திட்டம் பிடித்துத்தான் இருந்தது போலும். அன்று மாலை முக்டென் வந்து இறங்கியவர், அவசரம் காட்டாமல், இதாகாகியுடன் ஒரு விருந்து விடுதிக்குப் போனார். மது, கெய்ஷாக்கள். இரவு பத்தரைக்குச் சற்று முன்பாக ரயில்பாதையில் குண்டு வெடித்தது. தண்டவாளத்தில் பெயர்ந்தது ஒன்றரை மீட்டர் அளவுகூடத் தேறாது; கொஞ்ச நேரத்தில் சாங்சுனிலிருந்து வந்த ரயில் அதன்மேலேயே ஓடி முக்டெனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ‘சீனர்கள் நம் பாதையைத் தகர்த்துவிட்டார்கள்’ என்று சொல்ல அது போதும். ஜப்பானிலிருந்து இரகசியமாகக் கொண்டுவந்து முன்கூட்டியே பொருத்தி வைத்திருந்த கனரக பீரங்கிகள் சீனப் பாசறையை நோக்கி முழங்கின. குவாண்டுங் படையில் அப்போது இருந்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். எதிரே இருந்த சீனப் படை அதைப்போல் பல மடங்கு. ஆனால் எதிர்க்க வேண்டாம் என்பது, கொல்லப்பட்ட ஜாங் ஜுவோலினின் மகன் ஜாங் ஷ்வேலியாங்கின் உத்தரவு.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். கொரியாவில் இருந்த ஜப்பானியப் படையின் தளபதி ஹயாஷி சென்ஜூரோ, பேரரசரின் அனுமதி இல்லாமலே யாலு நதியைத் தாண்டிப் படையை மஞ்சூரியாவுக்குள் அனுப்பினார். சட்டப்படி இது மரண தண்டனைக்குரிய குற்றம். வாகாத்சுகி அமைச்சரவை என்ன செய்தது? போன படைக்குச் செலவுப் பணம் ஒதுக்கியது. ஹயாஷி 1937இல் பிரதமரே ஆனார்.

உலக சங்கம் லிட்டன் பிரபு தலைமையில் குழு அனுப்பி அறிக்கை வாங்கியது. அதற்குள் சிறுவனாகச் சீன அரியணையில் இருந்த பூயி என்ற பழைய சக்கரவர்த்தியை வைத்து மஞ்சுகுவோ என்ற பொம்மை நாடு எழுந்துவிட்டது. 1933 பிப்ரவரி 24 அன்று 42க்கு 1 என்று வாக்கு விழ, ஜப்பானியப் பிரதிநிதி மட்சுவோகா யோசுகே ஜெனிவா மன்றத்தை விட்டு வெளியேறினார். ஊருக்குத் திரும்பியவரை வரவேற்கக் கூட்டம் அலைமோதியது. மஞ்சூரியாவைப் பிடித்ததற்கு உலகம் கொடுத்த தண்டனை அந்த வாக்கு மட்டும்தான். இதற்கிடையில் 1932 மே 15 அன்று பிரதமர் இனுகாய் சுயோஷியை அவர் வீட்டிலேயே கடற்படை இளைஞர்கள் சுட்டுக் கொன்றார்கள். கட்சி அரசுகளின் காலம் அத்தோடு முடிந்தது.

தன்னிறைவு தேடிப் போனவர்களுக்கு மஞ்சூரியா தராத ஒன்று எண்ணெய். தேடினார்கள், கிடைக்கவில்லை. சீனாவின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்றான தாச்சிங் அதே மண்ணில்தான் இருந்தது, கண்டுபிடிக்கப்பட்டது 1959இல்.

புலிவால்

முக்டெனின் சூத்திரதாரி இஷிவாரா கொஞ்சம் விசித்திரமான மனிதர். என்றோ ஒருநாள் அமெரிக்காவுடன் இறுதிப் பெரும்போர் வரும், அதற்கு ஜப்பான் மஞ்சூரியாவில் ஆலைகள் கட்டி நீண்ட காலம் தயாராக வேண்டும், அதுவரை வேறு எந்தச் சண்டையும் கூடாது என்பது அவர் கோட்பாடு. 1936இல் அவர் டோக்கியோவில் தலைமைப் படையகத்தில் இருந்தார். குவாண்டுங் படை உள் மங்கோலியாவில் சில்லறை வேலைகளைத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல அவரே நேரில் போனார். அங்கே இருந்த முட்டோ அகிரா என்ற இளைய அதிகாரி, மஞ்சூரியாவில் நீங்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்கிறோம் என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடத் தெளிவான விளக்கம் எதுவும் இல்லை.

1937 ஜூலை 7 இரவு, பீஜிங்குக்கு அருகே மார்க்கோ போலோ பாலத்தில் இரவுப் பயிற்சியில் இருந்த ஜப்பானியப் படைமீது சில குண்டுகள் பாய்ந்தன. ஒரு சிப்பாயைக் காணோம் என்றார்கள். சிறிது நேரத்தில் அவர் திரும்பி வந்துவிட்டார். முக்டெனைப் போல இது திட்டமிட்ட நாடகம் இல்லை என்றே பெரும்பாலான வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். ஜூலை 11 அன்று உள்ளூர்த் தளபதிகள் சமரசமும் செய்துகொண்டார்கள். அதே நாள் டோக்கியோவில் கொனோயே ஃபுமிமாரோவின் அரசு கூடுதல் படை அனுப்பப்போவதாக அறிவித்தது. ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று படைத்துறை அமைச்சர் சுகியாமா பேரரசருக்கு உறுதி கொடுத்தார். சீனத் தலைவர் சியாங் காய்-ஷேக் இம்முறை பின்வாங்குவதாக இல்லை; ஜெர்மானியர் பயிற்சி தந்த தன் சிறந்த டிவிஷன்களை ஷாங்காயில் இறக்கினார். மூன்று மாதம் தெருத்தெருவாக ரத்தம். டிசம்பர் 13 அன்று தலைநகர் நான்ஜிங் விழுந்தது. அங்கே நடந்த படுகொலையில் செத்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றது டோக்கியோ நீதிமன்றம். மூன்று லட்சம் என்கிறது சீனா.

தலைநகரை இழந்த அரசு பணிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஜெர்மானியத் தூதர் டிரௌட்மன் வழியாக நடந்த சமரசப் பேச்சில் ஜப்பானின் நிபந்தனைகள் வெற்றிக்கு வெற்றி ஏறிக்கொண்டே போயின. 1938 ஜனவரியில் பேச்சை முறிப்பதா என்று விவாதம் நடந்தபோது, முறிக்க வேண்டாம் என்று மன்றாடியவர் தலைமைப் படையகத்தின் துணைத்தலைவர் தாதா ஹயாவோ. முறிக்கச் சொன்னவர்கள் பிரதமர் கொனோயேவும் வெளியுறவு அமைச்சர் ஹிரோதாவும். சிவில் தலைவர்கள் எல்லாம் சமாதானப் புறாக்கள், சீருடைக்காரர்கள் மட்டுமே வெறியர்கள் என்ற எளிய படம் இங்கே உடைந்துவிடுகிறது. சியாங் அரசை இனி ஒரு பொருட்டாகவே மதிக்கப்போவதில்லை என்று ஜனவரி 16 அன்று கொனோயே அறிவித்தார். யாரோடு சண்டையோ அவரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தபின் சண்டையை எப்படி முடிப்பது?

அதன்பிறகு ஜப்பானுக்குப் புலிவாலைப் பிடித்த கதைதான். வூஹான் விழுந்தது; சியாங் மலைகளுக்குப் பின்னால் சோங்சிங்குக்குப் போய்விட்டார். நகரங்களும் ரயில்பாதைகளும் ஜப்பானிடம், கிராமங்கள் எவரிடமோ. இவ்வளவு பெரிய சண்டையை இரு தரப்பும் முறைப்படி போர் என்று அறிவிக்கவில்லை. அறிவித்தால் அமெரிக்க நடுநிலைச் சட்டப்படி அங்கிருந்து வரும் சரக்கு நின்றுபோகும். ஜப்பானின் எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்தே வந்தது. பழைய இரும்பிலும் பெரும்பகுதி அங்கிருந்துதான். பிறரை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய படையெடுப்பு, ஒவ்வொரு மாதமும் அமெரிக்காவை மேலும் நம்ப வைத்தது. நான்கு ஆண்டுகள் அந்த எண்ணெயைத் தாராளமாக விற்ற அமெரிக்காவும் அத்தனை தூய்மையான சாட்சி அல்ல.

வடக்கா, தெற்கா

1939 கோடையில் குவாண்டுங் படை மறுபடியும் தன் இஷ்டத்துக்கு மங்கோலிய எல்லையில், நோமோன்கானில், சோவியத் படையோடு மோதியது. ஆகஸ்டில் சோவியத் தளபதி ஜுகோவின் டாங்குகள் ஒரு ஜப்பானிய டிவிஷனையே கிட்டத்தட்ட அழித்தன. அதே வாரம் ஹிட்லர் ஸ்டாலினோடு ஒப்பந்தம் போட்டார். அதிர்ந்துபோன ஹிரானுமா அமைச்சரவை ராஜினாமா செய்தது. வடக்கே போகும் ஆசைக்கு அந்தப் புல்வெளியில் பெரிய அடி விழுந்தது.

தெற்கே போகும் ஆசைக்கு உயிர் கொடுத்தது 1940இல் பிரான்ஸும் ஹாலந்தும் வீழ்ந்தது. இந்தோசீனாவுக்கும் டச்சுத் தீவுகளுக்கும் ஐரோப்பாவில் முதலாளி இல்லாத நிலை. பஸ்ஸைத் தவறவிடாதே என்பது அப்போது டோக்கியோவில் புழங்கிய பேச்சு. செப்டம்பரில் ஜப்பானியப் படை வட இந்தோசீனாவுக்குள் நுழைந்ததன் உடனடி நோக்கம், ஹைபோங் துறைமுகத்திலிருந்து சியாங்குக்குச் சரக்குப் போன ரயில்பாதையை அறுப்பது. தெற்கு நோக்கிய முதல் அடியே சீனப் போருக்காக வைத்த அடி. அதே மாதம் ஜெர்மனி, இத்தாலியுடன் முக்கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்காவை மிரட்டி ஒதுங்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டவர் வெளியுறவு அமைச்சரான அதே மட்சுவோகா. விளைவு நேர்மாறாக இருந்தது. அதுவரை தூரத்துச் சண்டையாக இருந்த சீனப் போர், வாஷிங்டனின் பார்வையில் ஹிட்லர் விவகாரத்தின் ஒரு கிளையாகிவிட்டது. அமெரிக்கா பழைய இரும்பை நிறுத்தியது.

1941 ஜூலை கடைசியில் ஜப்பான் தென் இந்தோசீனாவையும் எடுத்துக்கொண்டது. சைகோனைச் சுற்றியுள்ள விமானத் தளங்களிலிருந்து மலேயா எட்டும் தூரம். ரூஸ்வெல்ட் ஜப்பானியச் சொத்துகளை முடக்கினார். எண்ணெயை முழுதாக நிறுத்த அவர் எண்ணவில்லை, உரிமம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம் என்றே நினைத்தார் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் டீன் அச்சிசன் போன்ற அதிகாரிகள் ஒரு சொட்டுக்கும் பணம் விடுவிக்கவில்லை. பிரிட்டனும் டச்சு அரசும் கூடவே நிறுத்தின. அமெரிக்கா மூலையில் தள்ளியது என்பவர்கள் தொடங்கும் இடம் இது. அந்த மூலைக்கு ஜப்பான் நடந்துபோன பத்து ஆண்டுகளை அவர்கள் சொல்வதில்லை.

கையிருப்பு சுமார் இரண்டு ஆண்டுக்கு வரும். போர் என்றால் அதைவிடக் குறைவு. கடற்படை மணிக்கு 400 டன் எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று கடற்படைத் தலைவர் நாகானோ ஒசாமி நெருக்கினார். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தோல்வி என்ற எண்ணம் மேசையைச் சுற்றியிருந்த எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 5 அன்று அரண்மனையில் நடந்ததை, அப்போது மறுபடியும் பிரதமராக இருந்த கொனோயே எழுதி வைத்திருக்கிறார். தெற்கே எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று பேரரசர் ஹிரோஹிதோ கேட்டார். மூன்று மாதம் என்றார் சுகியாமா. 1937இல் ஒரு மாதம் என்று சொன்ன அதே சுகியாமா. அதை நினைவூட்டி, நான்கு ஆண்டாகியும் முடியவில்லையே என்றார் பேரரசர். சீனாவின் உள்நாடு பரந்தது என்றார் தளபதி. பசிபிக் அதைவிடப் பரந்ததல்லவா என்று குரல் உயர்ந்தது. சுகியாமா தலைகுனிந்து நின்றார். மறுநாள் மாநாட்டில் பேரரசர் தம் தாத்தா எழுதிய ஒரு சமாதானக் கவிதையைப் படித்தார். போர் ஆயத்தத் தீர்மானம் அதன்பின் நிறைவேறியது. ஹிரோஹிதோ கைகட்டப்பட்டவரா, உடந்தையா என்று வரலாற்றாளர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். கேள்வி கேட்டார், தடுக்கவில்லை என்பதுவரை இரு தரப்புக்கும் உடன்பாடு.

தோற்போம் என்று எவருக்கும் தெரியாமலில்லை. முழுப்போர் ஆய்வு நிறுவனம் என்ற அரசு அமைப்பில் இளம் அதிகாரிகளை வைத்து ஒரு போலி அமைச்சரவை நடத்திப் பார்த்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் அவர்கள் கொடுத்த முடிவு: ஜப்பான் தோற்கும். கேட்டுக்கொண்டிருந்த படைத்துறை அமைச்சர் டோஜோ ஹிடேகி, ரஷ்யாவை வெல்வோம் என்றும் யாரும் நினைக்கவில்லையே என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு எழுந்தார். அமெரிக்காவின் எஃகு உற்பத்தி ஜப்பானைப்போல் பத்து மடங்கு.

அப்படியானால் ஏன்? அக்டோபர் 14 அன்று அமைச்சரவையில் டோஜோ சொன்ன காரணத்தை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அமெரிக்கா கேட்பதுபோல் சீனாவிலிருந்து படையை விலக்கினால் சீனப் போரின் பலன் அழியும்; பிறகு மஞ்சுகுவோ ஆபத்தில் விழும்; பிறகு கொரியாவை ஆள்வதே கடினமாகும். இதுதான் அவர் வாதத்தின் சாரம். 1905இல் பெற்றதைக் காக்க 1931, அதைக் காக்க 1937, அதைக் காக்க 1941. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்றுகொண்டு முதல் கண்ணிவரை அவரே எண்ணிக் காட்டினார். கடற்படையோ, அமெரிக்காவோடு போரிட எங்களால் முடியாது என்று வாய்திறந்து சொல்லத் தயாராக இல்லை. சொன்னால் இத்தனை ஆண்டு வாங்கிய பட்ஜெட்டுக்கு என்ன கணக்குக் காட்டுவது? முடிவைப் பிரதமரிடம் விடுகிறோம் என்று ஒதுங்கியது. கொனோயே விலகினார், டோஜோ பிரதமரானார்.

நவம்பர் 26 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹல், சீனாவிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் விலகக் கோரும் குறிப்பைக் கொடுத்தபோது, ஹவாயை நோக்கிச் செல்ல வேண்டிய விமானந்தாங்கிகள் ஏற்கெனவே குரில் தீவுகளில் உள்ள குடாவை விட்டுக் கிளம்பியிருந்தன.

கோத்தா பாருவிலிருந்து கொழும்புவரை

முதல் குண்டுகள் விழுந்தது பேர்ல் துறைமுகத்தில் அல்ல. அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பாக, மலேயாவின் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது. அங்கே பதுங்குகுழிகளில் இருந்து சுட்டவர்கள் இந்தியச் சிப்பாய்கள். டிசம்பர் 11 அன்று ஹிட்லர் அமெரிக்காவின்மீது போர் அறிவித்தார். முக்கூட்டு ஒப்பந்தம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஜப்பான் தாக்கப்பட்டால்தான் அது செல்லும். ஆசியாவில் ஒன்றும் ஐரோப்பாவில் ஒன்றுமாக நடந்த இரு போர்கள் அந்த நாளில் ஒன்றாயின.

நம்மவர்களுக்கு இந்தப் போர் வந்து சேர்ந்த விதம் இது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 1942 ஏப்ரல் 5 ஞாயிறன்று, பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய தளபதி நகுமோவின் அதே கப்பற்படை கொழும்பைத் தாக்கியது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. சென்னை பாதி காலியானது. பர்மா அரிசி நின்றது.

ஆசியாவை விடுவிக்க வந்தோம் என்றது ஜப்பான். அதை நம்பிப் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் போருக்கு முன்பே, 1941 நவம்பர் 20 அன்று, டோக்கியோ எழுதிவைத்த தென்பகுதி நிர்வாகக் கொள்கை வேறு மாதிரிப் பேசியது. முதல் வேலை மூலப்பொருள் எடுப்பது. அதனால் உள்ளூர் மக்களுக்கு வரும் சுமையை அவர்கள் தாங்கத்தான் வேண்டும். 1943 மே மாதம் மலேயாவையும் சுமாத்ரா, ஜாவா, போர்னியோவையும் நிரந்தரமாகப் பேரரசோடு சேர்த்துக்கொள்ள இரகசியத் தீர்மானம் போட்டார்கள். அந்த மாதங்களில்தான் தோட்டத் தமிழர்கள் லாரி லாரியாகச் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு ஏற்றப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட 90 ஆயிரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

தீர்ப்பு

டோக்கியோ நீதிமன்றம் 1928 முதல் ஒரே சதித் திட்டம் ஓடியது என்று 1948 நவம்பரில் தீர்ப்பளித்தது. வங்கத்து நீதிபதி ராதாவினோத் பால் அதை ஏற்கவில்லை. எல்லோரையும் விடுவித்துத் தனித் தீர்ப்பு எழுதினார். சதி நிரூபிக்கப்படவில்லை என்பதில் பால் சொன்னது பெருமளவு சரி என்றே இன்றைய ஆய்வுகளைப் படித்தால் தோன்றுகிறது. பதினேழு ஆண்டில் பதினைந்துக்கும் மேற்பட்ட அமைச்சரவைகளை மாற்றிய நாட்டில் ஒரே திட்டம் எப்படி ஓடும்? தரைப்படை வடக்கே பார்த்தது, கடற்படை தெற்கே பார்த்தது. ஆனால் சதி இல்லை என்பதிலிருந்து குற்றமில்லை என்ற முடிவுக்கு அவர் தாவியதை ஏற்க முடியவில்லை. சீனாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் செத்த போர் இது. வழுக்கி விழுந்தவர்கள் என்று சொல்வதற்கு, ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்து, கூட்டக் குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

1948 டிசம்பர் 23 அன்று தூக்கிலிடப்பட்ட எழுவரில் டோஜோ, இதாகாகி, ஹிரோதா ஆகியோரோடு முட்டோ அகிராவும் இருந்தார். இஷிவாரா காஞ்சிமேல் வழக்கே போடவில்லை; டோஜோவோடு பகைத்துப் படையிலிருந்து 1941இலேயே ஒதுக்கப்பட்டவர் என்பது அவருக்கு உதவியிருக்கலாம். சாட்சி மட்டும் சொல்லிவிட்டு, 1949இல் தம் ஊரில் நோயில் இறந்தார். சதியின் தொடக்கம் என்று நீதிமன்றம் குறித்த 1928இல் ரயில் பாலத்தடியில் குண்டு வைத்த கோமோதோ தைசாகு டோக்கியோ குற்றவாளிக் கூண்டில் ஏறவேயில்லை. போருக்குப் பிறகும் சீனாவிலேயே தங்கிவிட்ட அவரைக் கம்யூனிஸ்டுகள் பிடித்தார்கள். தையுவான் சிறையில் இறந்தார்.